வேலி நகர்ந்த பக்கம்

1

இந்தக் கதை முதலில் கதையாக இல்லை. என் அலுவலக அலமாரியில், ஒரு பழுப்புக் கோப்புக்குள், இரண்டு பக்கக் குறிப்பாக இருந்தது.

மனிடோபா மாகாணத்தில், பெரிய ஏரிக்கு மேற்கே ஒரு சிற்றூரில், முப்பது வருடமாக நான் வக்கீல். வருகிற வேலையில் பாதி உயில். வயதானவர் ஒருவர் உயில் எழுத வந்தால், அதை எழுதும் அளவுக்கு அவருக்குப் புத்தி தெளிவாக இருக்கிறதா என்று முதலில் பார்க்கவேண்டியது என் பொறுப்பு. என்ன கேட்டேன், என்ன சொன்னார், எந்தக் கேள்விக்குத் தயங்கினார், எதற்குச் சிரித்தார், எல்லாவற்றையும் அன்றைக்கே எழுதி வைத்துவிட வேண்டும். பின்னாளில் குடும்பத்தில் சண்டை வந்து ஒரு நீதிபதி அதை எடுத்து வாசிக்கும்போது, பதில் சொல்ல வேண்டிய ஆள் மண்ணுக்குள் இருப்பார். அவருக்குப் பதிலாக என் இரண்டு பக்கம்தான் வாய் திறக்கும்.

ஆகவே எழுத்தைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். ஒரு வார்த்தை கூடினால் என்ன ஆகும், குறைந்தால் என்ன ஆகும் என்று சாட்சிக் கூண்டில் நின்று பார்த்தவள் நான்.

நெஸ்டர் கோவல்ச்சுக்கைப் பற்றிய குறிப்பு மட்டும் இரண்டு பக்கத்தில் அடங்க மறுத்தது. மூன்று தடவை திருத்தினேன். அடித்த வரிகள் நிற்கிற வரிகளைவிட அதிகமாகிவிட்டன. அடித்தவற்றையெல்லாம் சேர்த்தால் என்ன வரும் என்று பார்க்கத்தான் இதை எழுதுகிறேன். எழுதலாமா என்று அவரையே கேட்டேன். கட்சிக்காரரின் ரகசியம் கட்சிக்காரருடையது. அவர் அவிழ்த்துவிட்டால்தான் நான் பேசலாம். பேரை மாற்றிக்கொள்ளுங்கள், ஊரை மாற்றிக்கொள்ளுங்கள், ஏரியை மட்டும் மாற்றாதீர்கள் என்றார். மாற்றவில்லை.

2

எப்படித் தொடங்குவது?

"ஏப்ரல் மாதச் சேற்றில் ஒரு பழைய ட்ரக் வந்து நின்றபோது வானம் சாம்பல் நிறத்தில்—"

அடித்துவிட்டேன். வானத்தின் நிறம் எந்த உயிலையும் பாதித்ததில்லை.

"நெஸ்டர் கோவல்ச்சுக்குக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று ஊரே பேசியது."

நல்ல வரி. ஆனால் பொய். ஊர் அப்படிப் பேசவில்லை. பேசியது ஒரே ஓர் ஆள், அவர் மகள் லாரிஸா. அவளும் ஊரிடம் பேசவில்லை, என்னிடம் மட்டும்தான் சொன்னாள்.

கடைசியில் கோப்புக் குறிப்பின் முதல் வரியையே எடுத்துக்கொள்கிறேன். "கட்சிக்காரர் வயது எண்பத்து நான்கு. மகள் அழைத்து வந்தாள். மகளை வெளியே உட்காரச் சொன்னேன்."

அது ஒரு வியாழக்கிழமை. லாரிஸாவுக்கு ஐம்பது தாண்டியிருக்கும். வின்னிபெக்கில் பல் மருத்துவர். வெளியே உட்காரவேண்டும் என்று நான் சொன்னதும் முகம் சுருங்கியது. ஆனாலும் உட்கார்ந்தாள். உட்காரும் முன் என் கையில் ஓர் உறையைக் கொடுத்தாள். மருத்துவமனையில் நடத்திய ஞாபகப் பரிசோதனையின் தாள். முப்பதுக்கு இருபத்து மூன்று. குரலைத் தாழ்த்தி, "அப்பா வேலியைப் பத்திப் பேச ஆரம்பிப்பார். அப்போ உங்களுக்கே புரியும்" என்றாள்.

கதவைச் சாத்தினேன். நெஸ்டர் தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டார். நான் அந்தத் தாளைப் பிரிப்பதைப் பார்த்து, மதிப்பெண் ஏன் குறைந்தது என்று தாமாகவே விளக்கினார். ஐந்து வார்த்தையைச் சொல்லிப் பத்து நிமிஷம் கழித்துத் திருப்பிக் கேட்டார்களாம், இரண்டு மறந்துபோயிற்றாம். இது என்ன பருவம் என்று கேட்டார்களாம். ஏப்ரலில் மனிடோபாவில் என்ன பருவம் என்று நீயே சொல் என்று அந்த நர்ஸைக் கேட்டாராம். அவளுக்கும் தெரியவில்லையாம். ஆனால் அவருக்கு மட்டும் மதிப்பெண் குறைத்துவிட்டார்களாம்.

(இதைக் குறிப்பில் எழுதினேன், பிறகு அடித்தேன், பிறகு மறுபடி எழுதினேன். வேடிக்கை பேசத் தெரிந்த மூளை வேலை செய்கிற மூளை என்பது என் அனுபவம். நீதிபதிகள் இதை ஒப்புக்கொள்வார்களா என்பது அன்றைக்கு அவர்கள் சாப்பிட்ட சாப்பாட்டைப் பொறுத்தது.)

3

கேட்கவேண்டிய கேள்விகள் நாலு. நூற்றைம்பது வருடத்துக்கு முந்தைய ஓர் ஆங்கிலேய வழக்கிலிருந்து வந்தவை. உயில் என்றால் என்ன என்று தெரிகிறதா. தன் சொத்து எவ்வளவு என்று தெரிகிறதா. தன்னிடம் எதிர்பார்க்க உரிமையுள்ளவர்கள் யார் யார் என்று தெரிகிறதா. நாலாவது, ஏதாவது ஒரு பிரமை புகுந்து அந்த முடிவைத் திருகியிருக்கிறதா.

முதல் கேள்விக்கு நெஸ்டர், செத்த பிறகும் தன் பேச்சே செல்லவேண்டும் என்று ஒரு மனுஷன் செய்கிற ஏற்பாடு என்றார். சட்டப் புத்தகத்தில் இதைவிடத் தெளிவாக இல்லை.

இரண்டாவதற்கு விரல் மடக்கினார். வீடு இருக்கிற நூற்றறுபது ஏக்கர். சதுப்பு இருக்கிற நூற்றறுபது. வடக்கே கல்லுக்காடாக ஒரு நூற்றறுபது. எது குத்தகையில், யாரிடம், எந்த அறுவடை வரை என்று ஒன்று விடாமல் சொன்னார். பதிவேட்டை எடுத்துச் சரிபார்த்தேன். அட்சரம் பிசகவில்லை.

மூன்றாவது: லாரிஸா, அவளுடைய இரண்டு பிள்ளைகள், தான் மூன்று முறை ஏறி வர்ணம் அடித்த வெங்காய வடிவக் கோபுரம் வைத்த தேவாலயம். மனைவி ஒலேனா ஒன்பது வருடத்துக்கு முன் போய்விட்டாள். வேறு யாரும் இல்லை.

சரி, யாருக்கு என்ன என்று கேட்டேன். வீடும் பாங்கில் இருப்பதும் லாரிஸாவுக்கு என்றார். நிலம் மூன்றும் பக்கத்து நிலத்துக்காரர் ஹெல்கி ஸ்வைன்சனுக்கு என்றார்.

ஹெல்கி உங்களுக்கு என்ன வேண்டும், சிநேகிதரா என்று கேட்டேன்.

"சிநேகிதனா? அவன் திருடன் வக்கீலம்மா."

என் பேனா அங்கே நின்றது. குறிப்பில் அந்த இடத்தில் இன்னும் ஒரு மைப்புள்ளி இருக்கிறது.

நிதானமாக விளக்கினார். வடக்கு நிலத்துக்கும் ஹெல்கியின் மேய்ச்சல் நிலத்துக்கும் நடுவே முள்கம்பி வேலி. எங்கள் பக்கத்தில் குளிர்காலத்தில் மண் ஆறடி ஆழத்துக்கு உறைந்து, வேலிக் கம்பங்களை மேலே தூக்கிவிடும். ஒவ்வொரு வசந்தத்திலும் திரும்ப அடிக்க வேண்டும். நெஸ்டரின் இடுப்பு உடைந்து நாற்பது வருடம் ஆகிறது. அன்றிலிருந்து அந்த வேலையைச் செய்வது ஹெல்கி. செய்யும்போது வருடத்துக்கு நாலு விரல் நெஸ்டரின் பக்கம் தள்ளி நடுகிறார். இதுதான் திருட்டு. எப்படித் தெரியும் என்றேன். வேலிக்கு இந்தப் பக்கம் தன் கல் குவியல் இருக்கிறது, முன்பு குவியலிலிருந்து வேலிக்குப் பதினாறு தப்படி, இப்போது ஒன்பது என்றார்.

அப்படியானால் ஒரு திருடனுக்கு ஏன் நிலத்தைக் கொடுக்கிறீர்கள் என்று கேட்டேன். இந்தக் கேள்வியைச் சத்தியமாக வக்கீலாகக் கேட்கவில்லை.

நெஸ்டர் தொப்பியை இன்னொரு முழங்காலுக்கு மாற்றினார்.

"என் பொண்ணுக்கு இந்த மண்ணு வேண்டாம். நான் செத்த மறு மாசம் வித்துடுவா. அதுல தப்பில்ல, அவ பொழப்பு பல்லுல இருக்கு. ஆனா அவனப் பாருங்க. நாப்பது வருஷமா விரல் விரலாத் திருடறான். வெறும் கல்லு விளையற மண்ணு அது. அதுமேல இவ்வளவு ஆச வெச்சவன் இந்த ஜில்லாவுல வேற யாரு?"

4

* அடிக்குறிப்பு மாதிரி ஒன்று. அவசரக்காரர்கள் தாண்டிப் போகலாம், ஆனால் கதையின் அச்சாணி இங்கேதான் இருக்கிறது.

தவறான எண்ணம் வேறு, பிரமை வேறு. தவறான எண்ணம் எல்லோருக்கும் உண்டு. எனக்கு ஒரு நாளைக்கு நாலைந்து. ஆதாரத்தைக் கண்ணெதிரே வைத்தாலும் அசையாமல் நிற்கிற பொய்தான் பிரமை. பிரமை பிடித்தவர் பிரமையின் பேரில் எழுதிய உயில் செல்லாது. வெறுமனே தவறாக நினைத்தவர் எழுதினால் செல்லும். பொதுவாக, பிரமை பிடித்தவர்கள் யாரைத் திருடன் என்கிறார்களோ அவருக்கு எதுவும் தராமல் விடுவார்கள். திருடன் என்று சொல்லி அதற்காகவே முழுவதையும் தூக்கிக் கொடுப்பவரை எந்தப் புத்தகத்திலும் நான் வாசித்ததில்லை.

வேறொரு வக்கீல் அவரை மனநல மருத்துவரிடம் அனுப்பியிருப்பார். நானும் அந்தக் கடிதத்தைப் பாதி எழுதினேன். "மேற்படி கட்சிக்காரர் அண்டை நிலத்துக்காரர் மீது—" அதோடு நிறுத்திவிட்டேன். மருத்துவர் மூளையைப் பார்ப்பார். வேலியை யார் பார்ப்பது? வேலி நிஜமாகவே நகர்ந்திருந்தால் இந்த மனிதர் நம் எல்லோரையும்விடத் தெளிவு.

சர்வேயரை வைத்து அளக்கலாமா என்று நெஸ்டரைக் கேட்டேன். சந்தோஷமாக ஒப்புக்கொண்டார். அவன் வண்டவாளம் தண்டவாளத்தில் ஏறட்டும் என்றார்.

5

இங்கே லாரிஸாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இந்தக் கதையின் முதல் எழுத்துப்படியில் அவளை வில்லியாக்கிவிட்டேன். உறையை நீட்டிய கையில் மோதிரங்கள் போட்டேன். அவள் மணிக்கட்டுக் கடிகாரத்தைப் பார்ப்பதாக எழுதினேன். இரண்டும் என் கற்பனை. எழுத்தாளருக்கு ஒரு வில்லி கிடைத்தால் பாதி வேலை முடிந்தது, அந்தச் சோம்பல்தான்.

நிஜமான லாரிஸா ஒவ்வொரு சனிக்கிழமையும் வின்னிபெக்கிலிருந்து ஒன்றரை மணி நேரம் கார் ஓட்டி வருகிறாள். ஒரு வாரத்துக்குச் சூப் வைத்துவிட்டு, மாத்திரைப் பெட்டியில் ஏழு அறைகளையும் நிரப்பிவிட்டு, அப்பாவின் கால் நகத்தை வெட்டிவிட்டுப் போகிறாள். உயிலில் என்ன இருக்கிறது என்று ஒருமுறைகூட அவள் என்னைக் கேட்டதில்லை. அன்று அவரோடு பேசி முடித்து வெளியே வந்தபோது அவள் கேட்டது வேறு.

"வேலியப் பத்திச் சொன்னாரா?"

அவர் என்னிடம் பேசியதைச் சொல்லக்கூடாது என்றேன். தலையாட்டினாள். பிறகு, அம்மா இருந்தவரை அப்பா ஹெல்கியைத் திட்டும்போது அம்மா சிரிப்பாள், அதனால் அது வேடிக்கையாக இருந்தது, இப்போது சிரிக்க ஆளில்லாமல் அது வியாதி மாதிரி இருக்கிறது என்றாள். மாறியது யார், அப்பாவா, கேட்கிற தானா என்று தெரியவில்லை என்றாள்.

இந்த வரியை நான் எழுதியிருக்க முடியாது. அதனால்தான் மோதிரங்களைக் கழற்றிவிட்டேன்.

6

மே கடைசியில் மண் இளகியது. மார்லிஸ் என்ற சர்வேயர் அளக்கிற கருவியும் அதன் முக்காலியுமாக வடக்கு நிலத்தில் இறங்கினாள். இரண்டு நாள் வேலை. மூன்றாம் நாள் வரைபடத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு என் அலுவலகத்துக்கு வந்தாள். வந்ததும் நாற்காலியில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள்.

வேலி நகர்ந்திருக்கிறது. தெற்கு முனையில் இரண்டடி, வடக்கு முனையில் பதினாலடி. கோணலாகப் போகிறது. ஆனால் நகர்ந்தது நெஸ்டரின் பக்கம் இல்லை. ஹெல்கியின் பக்கம். ஹெல்கியின் மேய்ச்சல் நிலத்தில் ஒரு நீள வால் நெஸ்டரின் வேலிக்குள் கிடக்கிறது.*

* எங்கள் மாகாணத்தில் வேலி போட்டு நிலம் கைமாறாது. பதிவேட்டில் யார் பெயரோ அவருடையது. ஆகவே அந்தப் பதினாலடி இன்றைக்கும் ஹெல்கியுடையதே. ஆனால் நாற்பது வருடமாக அதில் உழுதவர் நெஸ்டர்.

ஹெல்கியை மார்லிஸ் அங்கேயே சந்தித்திருக்கிறாள். முக்காலியைப் பார்த்துவிட்டு அவரே ட்ரக்கில் வந்திருக்கிறார். எழுபத்து நாலு வயது, நெட்டையான ஆள், அதிகம் பேசாதவர். ஃபிளாஸ்க்கில் காப்பியும் பிளம் பழ அடுக்குக் கேக்கும் கொண்டுவந்து வண்டியின் மேல் பரப்பியிருக்கிறார். வேலி இவ்வளவு கோணலாக இருக்கிறதே, உங்களுக்குத் தெரியுமா என்று மார்லிஸ் கேட்டிருக்கிறாள்.

தெரியுமே, நான்தானே நட்டேன் என்றிருக்கிறார். முதல் வருடம் கம்பம் அடித்து முடித்ததும் நெஸ்டர் வந்து, என் பக்கம் தள்ளி நட்டுவிட்டாய் என்று கத்தினாராம். வயதில் மூத்தவர், இடுப்பு உடைந்தவர், வாக்குவாதம் எதற்கு என்று அடுத்த வருடம் ஹெல்கி தன் நிலத்துக்குள்ளேயே நாலு விரல் தள்ளி நட்டாராம். அதற்கும் நெஸ்டர் கத்தினாராம். சரி, போதவில்லை போலிருக்கிறது என்று அதற்கடுத்த வருடமும் நாலு விரல். இப்படியே நாற்பது வருடம். வடக்கு முனையில்தான் நெஸ்டர் நின்று கத்துவாராம், அதனால் அங்கே கொஞ்சம் கூடுதல்.

"அவர் ஒரு வருஷமாவது கத்தாம இருப்பார்னு பாத்தேன்" என்று ஹெல்கி சொன்னதாக மார்லிஸ் சொன்னாள். சொல்லிவிட்டு மறுபடி சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உயிலின் மொத்தக் காரணமும் அந்தச் சுருட்டிய தாளுக்குள் இருந்தது.

7

இந்த இடத்தில் நான் அந்த வரைபடத்தைக் கோப்பில் வைத்துவிட்டு, நெஸ்டர் சொன்னபடி உயிலை எழுதிக் கையெழுத்து வாங்கியிருக்கலாம். அது கோழைத்தனம். அல்லது அவர் சொல்வது பொய் என்று தெரிந்துவிட்டது, ஆகவே பிரமை, ஆகவே எழுதமாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். அதுவும் கோழைத்தனம்தான், கொஞ்சம் மரியாதையான உடுப்பில். ஆதாரத்தைக் காட்டினால் அவர் என்ன செய்கிறார் என்பதுதான் பரிசோதனை. முப்பதுக்கு இருபத்து மூன்று எல்லாம் அதற்கு முன்னால் தூசு.

வரைபடத்தை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். நண்பகல். சமையலறை மேஜையில் உட்காரவைத்து, லாரிஸா செய்து உறையவைத்திருந்த பெரோகிக் கொழுக்கட்டைகளை வேகவைத்து, வதக்கிய வெங்காயமும் புளித்த பாலாடையும் மேலே போட்டுக் கொடுத்தார். சாப்பிட்டு முடிக்கும்வரை பேச விடவில்லை. பிறகு தட்டுகளை ஒதுக்கிவிட்டு, தாளை விரிக்கச் சொன்னார்.

விரித்தேன். சொன்னேன். சுருக்கமாக, சுற்றி வளைக்காமல்.

("அவர் முகத்தில் இடி விழுந்தது." இல்லை. அப்படி எதுவும் விழவில்லை. அடித்துவிட்டேன்.)

கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். எல்லையைக் குறிக்க அந்தக் காலத்தில் மண்ணில் அடித்த இரும்புக் கம்பிகளில் எதிலிருந்து சர்வேயர் அளக்கத் தொடங்கினாள் என்று கேட்டார். சாலையோரத்து எல்லைக் கம்பியிலிருந்து என்றேன். வடக்கு முனையில் இன்னொன்று உண்டே, அது கிடைத்ததா என்று கேட்டார். கிடைத்தது, புல்லுக்குள், ஒரு சாண் ஆழத்தில் என்றேன். அந்தப் பெண்ணை யார் ஏற்பாடு செய்தது என்று கேட்டார். நீங்கள்தான், என் மூலமாக என்றேன். தலையாட்டினார். ஒவ்வொரு கேள்வியும் நான் நீதிமன்றத்தில் ஒரு சர்வேயரைக் குறுக்கு விசாரணை செய்தால் எந்த வரிசையில் கேட்பேனோ அந்த வரிசையில் வந்தது.

பிறகு எழுந்து தொப்பியைப் போட்டுக்கொண்டார். "வாங்க, போய்ப் பாப்போம்."

அவர் ட்ரக்கிலேயே போனோம். மார்லிஸ் எல்லைக் கம்பிக்குப் பக்கத்தில் ஓர் ஆரஞ்சு நாடாவைக் கட்டிவைத்திருந்தாள். நெஸ்டர் கைத்தடியால் புல்லை விலக்கினார், துருப்பிடித்த இரும்பைத் தடியால் தட்டினார். அங்கிருந்து வேலி வரைக்கும் கால் நுனியை ஒட்டிக் குதிகால் வைத்து அடியடியாக நடந்தார். பதின்மூன்று பூட்ஸ், கொஞ்சம் கூட. ஹெல்கியின் மண்ணில் நடந்து போய் ஹெல்கியின் வேலியைத் தொட்டார். திரும்பி நின்று தன் பக்கம் பார்த்தார்.

கல் குவியல் எதிரே இருந்தது. எங்கள் பக்கத்து நிலம் வருடா வருடம் கல்லைக் கக்கும். உறைபனி கம்பத்தைத் தூக்குகிற மாதிரியே கல்லையும் தூக்கும். விதைப்புக்கு முன் எல்லோரும் பொறுக்கி ஓரத்தில் போடுவோம். நெஸ்டரின் குவியல் ஒரு மாட்டுக் கொட்டகை அகலம் இருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு அப்போது எதுவும் தோன்றவில்லை. இதை நான் கண்டுபிடித்துச் சொன்னதாக எழுத ஆசைதான். ஆனால் அவர்தான் கண்டுபிடித்தார்.

"வேலி அவன் பக்கம் போயிருக்கு. கல்லு வேலியப் பாத்து வந்திருக்கு" என்றார். "நான் அளந்தது கல்லுலேந்து. ஒவ்வொரு வருஷமும் வேலி ஓரமா வண்டிய நிறுத்தி குவியலோட வேலிப் பக்கத்துலதான் கொட்டினேன். நானே கொட்டிட்டு நானே அளந்திருக்கேன்."

சட்டப்படி எனக்கு வேண்டியது அந்த நிமிஷத்தில் கிடைத்துவிட்டது. நாற்பது வருட நம்பிக்கையை ஒரு மனிதர் ஆதாரத்தைப் பார்த்துக் கீழே வைத்தார். வைத்தது மட்டுமல்ல, அது எங்கிருந்து முளைத்தது என்றும் கண்டுபிடித்தார். பிரமை பிடித்தவன் செய்கிற காரியமா இது? உள்ளுக்குள் துள்ளிக் குதித்தேன் என்றே சொல்ல வேண்டும். குறிப்பின் வாக்கியம்கூட மனதில் ஓடத் தொடங்கியது: கட்சிக்காரர் தமது தவறான எண்ணத்தைத் தாமாகவே—

அப்போதுதான் அவரைப் பார்த்தேன். ட்ரக்கின் பின் பலகையை இறக்கி அதில் உட்கார்ந்திருந்தார். இரண்டு கையும் தடியின் மேல்.

"அப்போ அவனுக்கு இது வேண்டாம்" என்றார். "வேண்டாததனாலதான் தள்ளித் தள்ளிக் குடுத்திருக்கான்."

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"தெனம் காலைல கோவத்தோடதான் எழுந்திருப்பேன் வக்கீலம்மா. ஒலேனா போனப்பறமும். இன்னிக்கு என்ன திருடினான்னு பாக்கணும், எழுந்திருன்னு. அந்த இடுப்ப வெச்சுக்கிட்டு இவ்வளவு தூரம் நடப்பேன். டாக்டர் நடக்கச் சொன்னாரேன்னு யாராவது நடப்பாங்களா?"

இதற்கு என்ன பதில் சொன்னேன் என்று நாலு விதமாக எழுதிப் பார்த்தேன். நாலும் அழகாக இருந்தன. நிஜத்தில் கொசு கடித்தது. இரண்டு பேரும் கொசுவை அடித்தோம்.

கொஞ்ச நேரம் கழித்து, உயிலுக்கு ஒரு வாரம் பொறுக்க முடியுமா என்று கேட்டார். முடியும் என்றேன்.

8

இப்போது வாசகர் எதிர்பார்ப்பது எனக்குத் தெரியும். ஒரு வாரம் கழித்து நெஸ்டர் வந்தார். எழுதினோம். என்ன எழுதினோம்?

ஒரு முடிவு: நிலமும் மகளுக்கே. திருடன் இல்லை என்று தெரிந்தபின் ஹெல்கிக்குக் கொடுக்கக் காரணமே இல்லையே. சனிக்கிழமைச் சூப்புக்கும் மாத்திரைப் பெட்டிக்கும் ஒரு நியாயம் கிடைக்கும். தர்க்கம் இதில் குறையில்லாமல் நிற்கிறது.

இன்னொன்று: நிலம் ஹெல்கிக்கே, முன்பு சொன்னபடியே, ஆனால் காரணம் தலைகீழ். ஆசைப்பட்டவனுக்குக் கொடுக்க நினைத்தவர், ஆசைப்படாமலே நாற்பது வருடம் விட்டுக் கொடுத்தவனுக்குக் கொடுக்கிறார். இது இனிப்பான முடிவு. பத்திரிகைக்கு அனுப்பினால் உடனே போடுவார்கள்.

மூன்றாவதும் இருக்கிறது. வடக்கு நிலம் ஒருவருக்கு, மற்ற இரண்டும்— இல்லை, இதை மேலே எழுதினால் எது நிஜம் என்று என் கை காட்டிக்கொடுத்துவிடும்.

ஏனென்றால் நெஸ்டர் எனக்கு அனுமதி கொடுத்தபோது ஒரு நிபந்தனை போட்டார். "நடந்ததெல்லாம் சொல்லிக்கோங்க. கடைசில எழுதினது மட்டும் நான் போனப்பறம்." அவர் போகவில்லை. எண்பத்தாறு வயதில், போன மாதம் ஊர்க் கூடத்தில் சீட்டாட்டத்தில் என்னைத் தோற்கடித்தார். ஆகவே அந்த உயில் என் இரும்புப் பெட்டியில் ஒட்டிய உறைக்குள் இருக்கிறது, அங்கேயே இருக்கும். எனக்குள் இருக்கிற வக்கீலுக்குக் கதைசொல்லியைவிட வயது அதிகம். வீட்டில் அவள் பேச்சுத்தான் எடுபடும்.

சொல்லக்கூடியதைச் சொல்கிறேன். கையெழுத்து நாளன்று மறுபடியும் நாலு கேள்வியையும் கேட்டேன். நாலுக்கும் பதில் வந்தது. லாரிஸாவைப் பற்றி முதல் தடவை சொன்னதைவிட அதிகம் சொன்னார். அவள் நகம் வெட்டிவிடும்போது தான் தூங்குவதாகப் பாசாங்கு செய்வதையும் சொன்னார். இந்த முடிவுக்கு வேலி காரணமா என்று கேட்டேன்.

"வேலிதான். ஆனா இந்தத் தடவ சரியான கம்பியிலேந்து அளந்தேன்."

அதை அப்படியே குறிப்பில் எழுதினேன். அவருக்கு உயில் எழுதும் தெளிவு இருந்தது என்று கீழே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதில் எனக்கு அன்றும் சந்தேகமில்லை, இன்றும் இல்லை.

9

சாலையில் போகிற யாரும் பார்க்கக்கூடியது ரகசியம் ஆகாது. ஆகவே இதைச் சொல்லலாம்.

அந்த ஜூலையில் ஒரு சனிக்கிழமை, வடக்குச் சாலை வழியாக ஓட்டிக்கொண்டு வந்தேன். வேலியோரம் இரண்டு ட்ரக்குகள் நின்றன. ஹெல்கி கம்பங்களைப் பிடுங்கி நடுகிறார். நெஸ்டர் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து தடியால் இடம் காட்டுகிறார். காரை மெதுவாக்கி, கண்ணாடியை இறக்கினேன்.

"இன்னும் தள்ளு."

"போதும் நெஸ்டர். ஏழடி வந்தாச்சு."

"பதினாலு. ஒன்னோடது. எடுத்துக்கோ."

"எனக்கு எதுக்கு? அங்க கல்லாக் கெடக்கு."

"கல்ல நான் பொறுக்கித் தரேன். தள்ளு."

"நீங்க பொறுக்கிப் போட்டதுதானே இவ்வளவு வம்பு."

நெஸ்டர் தடியைத் தரையில் குத்தினார். ஹெல்கி கம்பத்தைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றார். இருவரில் யாரும் விட்டுக் கொடுக்கிற மாதிரி இல்லை. அதாவது, இருவரும் விட்டுக் கொடுப்பதை விடுகிற மாதிரி இல்லை.

எனக்கு முன்னால் இன்னொரு கார் நின்றிருந்தது. லாரிஸா. சூப்புப் பாத்திரம் பின் இருக்கையில், பெல்ட் போட்டுக் கட்டியிருந்தது. அவள் இறங்கி, கார்க் கதவைத் திறந்தபடியே பிடித்துக்கொண்டு அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எழுதப் பார்த்தேன். அந்த வரி வரவில்லை, விட்டுவிட்டேன். நானும் இறங்கி அருகில் போய் நின்றேன்.

"ரெண்டு மாசம் முன்னாடி அந்த ஆள் நெலத்தத் திருடறான்னார்" என்றாள், என் பக்கம் திரும்பாமல். "இப்ப அதே ஆளுக்கு, அவர் வேண்டாம் வேண்டாம்னு சொல்றப்போ, வலியத் தள்ளி விடறார். இது தெளிஞ்சதுக்கு அடையாளமா, முத்திப்போனதுக்கு அடையாளமா? நீங்க பேசிப் பாத்திருக்கீங்க. எழுதியும் வெச்சிருப்பீங்க. சொல்லுங்களேன். அப்பாவுக்குப் புத்தி சரியா இருக்கா?"

ஒரு மகள் கேட்கக்கூடிய கேள்வி. என்றாவது ஒருநாள் அவள் இதையே நீதிபதியிடமும் கேட்கலாம். அன்றைக்கு நீதிபதி கையில் என் இரண்டு பக்கம் இருக்கும், அடித்த வரிகள் இருக்காது. நாற்பது வருடக் கோபம் இருக்காது, மடக்கு நாற்காலி இருக்காது, பின் இருக்கையில் கட்டிவைத்த சூப்பும் இருக்காது.

உங்கள் கையில் எல்லாம் இருக்கிறது. லாரிஸா கதவைப் பிடித்தபடி இன்னும் அங்கேயே நிற்கிறாள். பதில் சொல்ல எனக்கு உரிமை இல்லை. நீங்கள் யாருக்கும் வக்கீல் இல்லை, சொல்லுங்கள்.